நூறு ரூபாய் வழக்கு



விழுப்புரம் மாவட்டத்தில் திருவெண்ணெய்நல்லூர் என்று ஓர் ஊர் உண்டு. சுந்தரமூர்த்தி நாயனாரை இறைவன் தடுத்தாட்கொண்ட தலம் என்று சைவ அன்பர்கள் அதனைப் போற்றுவர். சட்டம் பயில எண்ணுவோரும் அவ்வூரை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். தமிழ் இலக்கியம் நமக்கு விரிவாகக் காட்டும் வழக்கு விசாரணைகளுள் மிக நேர்த்தியான ஒன்று அவ்வூர்ச் சபையிலேதான் நடைபெறுகிறது.

வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லுகிறார். புத்தூரிலே திருமணப் பந்தலில் மணமகனாகச் சுந்தரர் அமர்ந்திருக்கிறார். கோலூன்றி வந்த முதியவர் ஒருவர், இந்த மணமகன் தமக்கு வழிவழி அடிமை என்று உரிமை கொண்டாடி, ஓர் ஓலையையும் காட்டுகிறார். சினங்கொண்ட சுந்தரர் அதனைப் பறித்துக் கிழித்து எறிந்து விடுகிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போகிறது. சபையார் முதியவரைச் சான்று கேட்கின்றனர். நெடுநாள் வழக்கத்தாலே உரிமை நிலைநாட்டலாம்; எழுத்தாவணத்தால் நிலைநாட்டலாம்; அயலார் சாட்சியாலும் நிலைநாட்டலாம். இம்மூன்றில் ஒன்றேனும் வேண்டும் என்கின்றனர். கிழிந்தது படி ஓலையே என்றும், மூல ஓலை தம்மிடம் உள்ளது என்றும் முதியவர் சொல்லி, அதனைச் சபைமுன் வைக்கிறார். சபையார் அத்துடனும் விடவில்லை. சுந்தரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஏட்டை வருவித்து, இரண்டு கையெழுத்தும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தீர்ப்புக் கூறுகின்றனர்.

வாதியாக வந்தவர் இறைவனே என்பது நமக்குத் தெரியும். சபையார்க்கு அது தெரியாது. தெரிந்திருப்பினும் அவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுவேதான். வந்தவர் யார் என்பதைக் கொண்டு தீர்ப்பு எழுதலாகாது. கொண்டுவந்த சான்று யாது என்பதைக் கொண்டுதான் எழுதலாம். எதிர்த்தரப்புக்கும் பேச இடம் தரவேண்டும். இவ்விரு நெறிகளையும் நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர்.

இந்நெறி தவறியபோது என்ன நேரும் என்பதை அவர்களே மற்றொரு காவியத்தில் காட்டினர். மதுரையில் பொற்கொல்லன் ஒருவன் சொன்ன சொல்லைக் கேட்டு, கோவலனை அழைத்து வினவாமலே, பாண்டியன் கொலைத் தண்டனைக்கு ஆணையிட்டான். பின்னர்க் கண்ணகி அரசவைக்கு வந்து, தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்று காட்டினாள். அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துப் பரல்கள். அரை நாழிகை விசாரணையிலே வெளிப்பட்டிருக்கக்கூடிய உண்மை ஓர் உயிர் போன பிறகு வெளிப்பட்டது. கோவலனுக்காகப் பேச அன்று ஒருவர் இருந்திருந்தால் சிலப்பதிகாரம் வேறு விதமாக முடிந்திருக்கும்.

பிறருக்காகப் பேசும் அந்த ஒருவரைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். வழக்கறிஞர் என்றவுடன் உங்களுள் பலருக்குத் திரைப்படத்தில் காணும் கறுப்பு அங்கியும் இடிமுழக்கம் போன்ற பேச்சும் நினைவுக்கு வரலாம். நான் சொல்ல வந்தவரோ வேறு வகையினர். தலைநகரத்தின் பெரிய மன்றங்களை விட்டு, வெளியூரிலே ஒரு சிறிய அலுவலகத்தை வைத்துக்கொண்டு, ஒரே ஊரில் நாற்பது ஆண்டுகள், ஐம்பது ஆண்டுகள் வழக்குரைத்து முதுமை எய்துகிறவர். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் கடலூரிலும் நீதிமன்றத்தை அடுத்த தெருக்களில் இவர்களுடைய பெயர்ப் பலகைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இத்தொழிலின் வரலாற்றைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது. சென்னை உயர்நீதிமன்றம் 1862இல் நிறுவப்பட்டது. 1879ஆம் ஆண்டின் சட்டம் வழக்குத் தொழில் புரிவோரைப் பல படிகளாக வகுத்திருந்தது. அட்வகேட் என்பார் ஒருவர். வக்கீல் என்பார் ஒருவர். அட்டர்னி என்பார் ஒருவர். பிளீடர் என்பார் மற்றொருவர். சென்னை நகரத்து வழக்குகளில் கட்சிக்காரரைக் கண்டு பேசி, ஆவணங்களைத் திரட்டி, வழக்கை உருவாக்கித் தருபவர் அட்டர்னி. நீதிபதியின்முன் எழுந்து நின்று வாதாடுபவர் வேறொருவர். வெளியூர்களிலோ இவ்வேறுபாடு மிகுதியும் இல்லை. பிராது எழுதுபவரும், ஆவணம் தேடுபவரும், சாட்சியை வினவுபவரும், தீர்ப்பு வந்தபின் கட்சிக்காரருக்கு ஆறுதல் சொல்பவரும் ஒருவரேதான். 1961இல் இயற்றப்பட்ட வழக்கறிஞர் சட்டம் பழைய படிகளை நீக்கி, வழக்கறிஞர் என்ற ஒரே வகுப்பை நாடெங்கும் ஏற்படுத்தியது. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு அட்டர்னி என்ற தனி வகுப்பும் மறைந்தது. பெயர்கள் மறைந்தன, அவர்கள் செய்துவந்த வேலை மறையவில்லை.

அவ்வேலை எத்தகையது? திருவக்கரையைச் சுற்றியுள்ள சிற்றூர் ஒன்றில் இரு சகோதரர்களுக்கு இடையே ஒரு மணிலாக் கொல்லையின் வரப்பைக் குறித்துச் சச்சரவு எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூத்தவர் தம் தந்தையார் வாய்மொழியாகச் சொன்னதை நம்புகிறார். இளையவர் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் உள்ள நான்கெல்லையை நம்புகிறார். மூத்தவர் ஒரு நாள் பேருந்து ஏறித் திண்டிவனம் சென்று வக்கீலைக் காண்கிறார். வக்கீல் முதலில் கேட்பது, “பத்திரம் கொண்டு வந்தீர்களா?” என்பதாகும். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையார் கேட்டதும் அதுவே அன்றோ! பின்னர்ச் சிட்டாவும் அடங்கலும் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்று பெறவேண்டும். சர்வேயரின் வரைபடத்தோடு நிலத்தை ஒப்பிட வேண்டும். இத்தனையும் முடிந்த பின்புதான் வழக்குத் தொடுக்கலாமா, கூடாதா என்ற கேள்விக்கே விடை காண இயலும். வழக்குத் தொடுத்துவிட்டாலோ, வாய்தாவுக்குமேல் வாய்தா. எதிர்வாதியின் பதிலுரை, சாட்சி விசாரணை, குறுக்கு விசாரணை, வாதம், தீர்ப்பு என்று வழி நீளும். டிக்கிரி கிடைத்துவிட்டாலும் அதனை நிறைவேற்றி வாங்குதற்குத் தனியே மனுச் செய்ய வேண்டும்.

இந்த நெடிய வழியிலே கட்சிக்காரருக்குத் துணையாக வருபவர் வக்கீல் ஒருவரே. அவருடைய நேர்மை தளர்ந்தால் ஒரு குடும்பத்தின் நிலமே கைவிட்டுப் போகும். அவருடைய கவனம் ஒருநாள் பிசகினால் கெடு தப்பி, நியாயமான உரிமையும் பயனற்றுப் போகலாம். ஆதலால் இத்தொழிலில் ஒருவரது தகுதியை ஒரு பெரிய வழக்கைக் கொண்டு அளத்தல் பொருந்தாது. ஆண்டுக்கு ஆண்டு, சிறு வழக்குகளிலும் அவர் தளராமல் நின்றாரா என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

அவ்வாறு நின்ற ஒருவரை உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன். அவர் சேலம் விசயராகவாச்சாரியார். 1852ஆம் ஆண்டு சூன் மாதம் 18ஆம் நாள் செங்கற்பட்டு மாவட்டத்துப் பொன்விளைந்த களத்தூரில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று பட்டம் பெற்றபின், முதலில் ஆசிரியப் பணியையே மேற்கொண்டார். பெங்களூரிலும் மங்களூரிலும் பணியாற்றிவிட்டு, சேலம் நகராட்சிக் கல்லூரிக்கு வந்து ஆங்கிலமும் கணிதமும் கற்பித்தார். கற்பித்துக்கொண்டே, எந்தச் சட்ட வகுப்புக்கும் செல்லாமல், தாமே நூல்களைப் படித்துச் சட்டத் தேர்வில் வெற்றி பெற்றார். அக்காலத்தில் அதற்கு வழி இருந்தது. 1881இல் சேலத்திலே வக்கீலாகத் தொழில் தொடங்கினார். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தொன்பது.

தொழில் தொடங்கிய மறு ஆண்டே பேரிடி விழுந்தது. 1882இல் சேலம் நகரத்தில் இந்துக்களுக்கும் முகம்மதியர்களுக்கும் இடையே பூசல் மூண்டு, பெருங்கலகமாக முடிந்தது. மசூதி ஒன்று இடிக்கப்பட்டது. வருந்தத்தக்க அந்நிகழ்ச்சிக்குக் காரணமானவர்களைத் தேடிய அதிகாரிகள், கலகத்தைத் தூண்டியவர் என்று இளம் வக்கீலாகிய விசயராகவாச்சாரியாரையும் கைது செய்தனர். விசாரணை நடந்தது. பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டது.

அந்நிலையில் முப்பது வயதுடைய ஒருவர் என்ன செய்வார் என்று எண்ணிப் பாருங்கள். தொழிலில் ஓர் ஆண்டு அனுபவமே உடையவர். அரசாங்கமோ உலகின் மிகப் பெரிய பேரரசின் அரசாங்கம். தாம் எந்தச் சட்டத்தைப் பயின்றாரோ, அந்தச் சட்டத்தின் பெயராலேயே தமக்குத் தண்டனை. சட்டமே பொய் என்று வெறுத்து ஒதுங்கிவிட அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவரோ அச்சட்டத்தின் வழியாகவே மேல்முறையீடு செய்தார். உயர்நீதிமன்றம் வழக்கை ஆராய்ந்து அவரை விடுதலை செய்தது.

கதை இங்கே முடிந்திருந்தால், தம்மைக் காத்துக்கொண்ட ஒரு கெட்டிக்காரர் என்று சொல்லி நாம் நிறுத்திவிடலாம். விடுதலை பெற்றபின் அவர் செய்த இரண்டு செயல்களே அவரை நமக்கு நினைவூட்ட வேண்டியவை.

முதலாவது, அக்கலக வழக்கிலே தண்டனை பெற்ற மற்றவர்களை அவர் மறந்துவிடவில்லை. அவர்களுள் சிலர் கடல் கடந்து அந்தமானுக்கே அனுப்பப்பட்டிருந்தனர். மேல்முறையீட்டுக்குப் பொருளும் இல்லை, எடுத்துரைக்க வாயும் இல்லை என்ற நிலையில் இருந்த எளியவர்களை யார் நினைப்பார்? விசயராகவாச்சாரியார் நினைத்தார். அரசுத் தரப்புச் சாட்சியத்தில் பொய் கலந்திருந்ததை விடாது தொடர்ந்து எடுத்துக்காட்டி, அவர்களுடைய விடுதலைக்கும் வழி செய்தார்.

இரண்டாவது செயல் ஒரு வழக்கு. அவர் சேலம் நகராட்சி மன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். கலகத்தை ஒட்டி அரசாங்கம் அவரை அப்பதவியிலிருந்து நீக்கியிருந்தது. பதவியோ ஊதியம் இல்லாதது. இத்தனை துன்பம் பட்டவர் அதனை விட்டுவிட்டாலும் யாரும் குறை சொல்லார். ஆயினும் தம்மை நீக்கியது தவறு என்று அவர் வழக்குத் தொடுத்தார். அக்காலச் சட்டப்படி அரசாங்கத்தின்மீது வழக்கிட வேண்டுமாயின், இலண்டனில் வீற்றிருந்த இந்தியா மந்திரியின் பெயருக்கே வழக்கிட வேண்டும். வாதி சேலத்து வக்கீல். பிரதிவாதி இந்தியா மந்திரி! 1884ஆம் ஆண்டு முடிவான அவ்வழக்கை, இந்தியச் சட்ட அறிக்கைகளின் சென்னை வரிசையில், ஏழாம் தொகுதியில் இன்றும் காணலாம். வக்கீலே வென்றார். மீண்டும் மன்ற உறுப்பினரானார். அவர் பெற்ற இழப்பீடு நூறு ரூபாய்.

நூறு ரூபாய்க்காகவா இத்தனை பாடு என்று நீங்கள் கேட்கலாம். வணிகக் கண்ணோடு பார்த்தால் கேள்வி சரியானதே. அவ்வழக்கிற்காக அவர் செலவிட்ட காலத்தைக் கட்சிக்காரர்களுக்குச் செலவிட்டிருந்தால் பன்மடங்கு பொருள் ஈட்டியிருப்பார். ஆனால் அங்கே கேட்கப்பட்ட கேள்வி வேறு. சட்டம் ஓர் அதிகாரத்தை அரசாங்கத்துக்குக் கொடுக்கிறது. அவ்வதிகாரத்தை அரசாங்கம் தன் மனம்போலச் செலுத்தலாமா, சட்டம் வரைந்த எல்லைக்குள்தான் செலுத்த வேண்டுமா? எல்லை கடந்ததாகக் குடிமகன் ஒருவன் கருதினால், அரசாங்கத்தை நீதிமன்றத்துக்கு அழைத்துக் கேட்கலாமா? கேட்கலாம் என்பதற்கு அந்த நூறு ரூபாய் அடையாளமாயிற்று.

தீர்ப்புத் தொகுதி ஒன்றில் ஒரு வழக்கு இடம்பெறுவதன் பொருளையும் இங்கே சொல்ல வேண்டும். திருவக்கரையில் கல்மரங்கள் கிடக்கின்றனவே, அவற்றைப் பார்த்தவர்கள் அறிவர். பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் மண்ணுள் புதைந்த மரங்கள் அவை. மரத்தின் பொருள் சிறிது சிறிதாக நீங்கி, அவ்விடத்தில் மணற்சத்துப் புகுந்து இறுகியது. மரம் போயிற்று, ஆயினும் அதன் ஆண்டு வளையங்களும் நார்களின் அமைப்பும் கல்லிலே அப்படியே நிற்கின்றன. வழக்கும் அவ்வாறே. வாதியும் போயினார்; பிரதிவாதியும் போயினார்; இந்தியா மந்திரி என்ற பதவியே 1947இல் போயிற்று. அன்று வாதிக்கப்பட்ட நியாயத்தின் அமைப்பு மட்டும் ஏட்டிலே நின்று, பின்வந்த வக்கீல்கள் எடுத்துக்காட்ட உதவுகிறது. இன்றும் அரசாங்கத்தின்மீது வழக்குத் தொடுக்கலாம் என்ற உரிமையை நம் அரசியலமைப்பின் 300ஆம் பிரிவு பேணி வருகிறது.

விசயராகவாச்சாரியாரின் பிற்கால வாழ்வை மிகச் சுருக்கிச் சொல்லுகிறேன். 1895 முதல் 1901 வரை சென்னைச் சட்டமன்றத்திலும், 1913 முதல் 1916 வரை இந்தியச் சட்டமன்றத்திலும் உறுப்பினராக இருந்தார். 1920 திசம்பரில் நாகபுரியில் கூடிய காங்கிரசு மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அம்மாநாடுதான் காந்தியடிகளின் ஒத்துழையாமைத் திட்டத்தை உறுதி செய்தது. வக்கீல்கள் ஆங்கில அரசின் நீதிமன்றங்களை விட்டு வெளியேற வேண்டும் என்பது அத்திட்டத்தின் ஒரு பகுதி. அறுபத்தெட்டு வயது வரை சட்டத்தின் வழியையே நம்பி வாழ்ந்த முதிய வக்கீல் ஒருவர், நீதிமன்றத்தைத் துறக்கச் சொல்லும் மாநாட்டுக்குத் தலைவராக அமர்ந்த காட்சியை நினைத்துப் பாருங்கள். 1900இல் அதே சேலத்தில் வக்கீல் தொழில் தொடங்கிய இராசகோபாலாச்சாரியார் அவ்வழைப்பை ஏற்றுத் தொழிலைத் துறந்தார். நாட்டின் விடுதலைக்கு இருவரும் வேண்டியிருந்தனர்: நீதிமன்றத்துள் நின்று கேட்டவரும், அதனை விட்டு வெளியே வந்து கேட்டவரும். 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள், தொண்ணூற்றிரண்டாம் வயதில் விசயராகவாச்சாரியார் காலமானார். சேலத்து வீரர் என்றும் தென்னாட்டுச் சிங்கம் என்றும் மக்கள் அவரை அழைத்தனர்.

விசயராகவாச்சாரியார்க்குத் தொழில் தொடர்ந்தது. தொடர இயலாதபடி தடுக்கப்பட்ட ஒருவரையும் நாம் நினைத்தல் வேண்டும். வழக்குரைக்கும் உரிமைப் பத்திரத்தைச் சன்னது என்பார்கள். வ. உ. சிதம்பரம் பிள்ளை வக்கீலின் மகனாகப் பிறந்து, தாமும் வக்கீலாகி, ஒட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் வழக்குரைத்தவர். ஏழைகளுக்குப் பொருள் வாங்காமல் வாதாடியவர். 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். 1908இல் அரசாங்கம் அவர்மீது இராசத்துரோக வழக்குத் தொடுத்துக் கடுந்தண்டனை வாங்கியது. சிறையிலே செக்கிழுத்து, 1912 திசம்பரில் வெளியே வந்தபோது, அவரிடம் சன்னது இல்லை. பிறர் உரிமைக்கு வாதாடிப் பழகிய நாவுக்கு நீதிமன்றத்தில் இடம் இல்லை. சென்னையில் மளிகைக் கடை வைத்தும் பிழைத்துப் பார்த்தார். பல்லாண்டுகள் வறுமையிலே கழிந்தன. திருநெல்வேலிக் காலந்தொட்டே அவரை அறிந்திருந்த வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதி பின்னர் முன்வந்து உதவியதால், சன்னது திரும்பக் கிடைத்தது. அந்நன்றியைச் சிதம்பரனார் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டுக் காட்டினார். பின்பு கோவிற்பட்டியிலே மறுபடியும் வக்கீலாக அமர்ந்தார். கப்பலோட்டிய தமிழர் என்று நாடு போற்றும் பெருமகனார், ஒரு வெளியூர் நீதிமன்றத்தில் சிறு வழக்குகளை எடுத்து நடத்தியதை இழிவாகக் கருதவில்லை. இழந்து பெற்ற தொழில் அல்லவா அது!

இனி, வழக்காடுதலே வக்கீலின் தொழில் என்று எண்ணிவிடாதீர்கள். வழக்கைத் தவிர்த்தலும் அவர் தொழிலே. காந்தியடிகள் 1893இல் தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றது தாதா அப்துல்லா என்னும் வணிகரின் வழக்குக்காக. எதிர்வழக்காளியாகிய தையப் சேட்டு அவருக்கு உறவினர். இருவரும் வழக்குச் செலவிலே அழிந்துவிடுவர் என்று கண்ட காந்தியடிகள், நடுவர் தீர்ப்புக்கு இருவரையும் இணங்கச் செய்தார். நடுவர் தீர்ப்பு அப்துல்லாவுக்கே சாதகமாயிற்று. ஆனால் தொகை முழுவதையும் ஒரே முறையில் கேட்டால் தையப் சேட்டு நொடித்துப் போவார். ஆகவே தவணை முறையில் பெற்றுக்கொள்ளும்படி தம் கட்சிக்காரரையே வேண்டிச் சம்மதிக்கச் செய்தார். பிரிந்தவரைச் சேர்ப்பதே வக்கீலின் உண்மையான கடமை என்று அவ்வழக்கிலே தாம் கற்றதாகப் பின்னாளில் எழுதினார். நம் ஊர்களிலும் நல்ல வக்கீல்கள் இதனை அறிந்தே இருக்கின்றனர். மணிலாக் கொல்லையின் வரப்புக்காக வந்த சகோதரர்களை எதிரெதிரே அமர்த்திப் பேசி அனுப்பிவிடும் நாளில், அவர்களுக்கு வரும்படி குறையத்தான் செய்யும்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். தனக்காக என்ன பேசப்படுகிறது என்பதே கட்சிக்காரனுக்கு விளங்காவிடின், அவன் குரல் முழுமையாகக் கேட்கப்பட்டது என்று சொல்ல முடியாது. முன்சீபாகப் பணியாற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை இக்குறையை உணர்ந்தார். 1805 முதல் 1861 வரையிலான சதர் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து, சித்தாந்த சங்கிரகம் என்ற பெயரால் 1862இல் வெளியிட்டார். தமிழின் முதல் புதினத்தை எழுதியவர் என்றே அவரை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். சட்டத்தைத் தமிழில் சொன்ன முன்னோடியும் அவரே என்பதைச் சட்டம் பயிலப் போகிறவர்கள் நினைவிற் கொள்க.

இன்றைய நிலை யாது? அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு, கைது செய்யப்பட்ட ஒருவர் தமக்கு விருப்பமான வழக்கறிஞரைக் கலந்துகொள்ளும் உரிமையை அளிக்கிறது. பொருள் இல்லாதார்க்கு இலவசச் சட்ட உதவி அளித்தல் அரசின் கடமை என்று 1976இல் சேர்க்கப்பட்ட 39அ பிரிவு கூறுகிறது. 1987இல் அதற்கெனச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 1978இல் மேனகா காந்தி வழக்கிலே, ஒருவருடைய கடவுச்சீட்டை அரசாங்கம் பறிக்கும்போதும் அவர் சொல்வதைக் கேட்டாக வேண்டும் என்ற நெறியை உச்சநீதிமன்றம் வலியுறுத்தியது. கோவலனுக்கு மறுக்கப்பட்ட நெறியே அது. ஏட்டில் இத்தனை உரிமைகள் இருப்பினும், ஒரு கிராமத்து விதவைக்கோ, கல்குவாரியில் கால் முறிந்த தொழிலாளிக்கோ அவை பயன்படுவது, பக்கத்து ஊரிலே பொறுமையுடன் கேட்டு எழுதிக்கொள்ளும் ஒரு வழக்கறிஞர் இருந்தால்தான். உரிமை டில்லியிலே எழுதப்படலாம்; அது கைக்கு வந்து சேரும் இடம் திண்டிவனமாகத்தான் இருக்கும்.

நம் பகுதி மாணவர்களுக்கு வாய்ப்புகளும் முன்னினும் பெருகியுள்ளன. 1993இல் விழுப்புரம் தனி மாவட்டமாகும் வரை, மாவட்ட நீதிமன்றத்தை நாடி மக்கள் கடலூர் செல்ல வேண்டியிருந்தது. சட்டம் படிக்க விரும்பியவர் இன்னும் தொலைவு செல்ல வேண்டியிருந்தது. 2017இல் விழுப்புரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி தொடங்கப்பட்டது. பள்ளி இறுதி வகுப்பு முடித்தவர் ஐந்தாண்டுப் படிப்பிலும், பட்டம் பெற்றவர் மூன்றாண்டுப் படிப்பிலும் சேரலாம். பெண்களுக்கு ஒரு சொல்: பெண் என்ற காரணத்தால் ஒருவரை வழக்குரைக்கும் தொழிலிலிருந்து விலக்கலாகாது என்ற சட்டம் இந்நாட்டில் 1923இல்தான் வந்தது. அதற்கு முன்னர் தகுதி பெற்ற பெண்களும் வாயிலிலேயே நிறுத்தப்பட்டனர். திறந்த அந்த வாயிலைப் பயன்படுத்திக்கொள்வது உங்கள் கையில் இருக்கிறது.

ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வெளியூர் வக்கீலின் தொடக்க ஆண்டுகள் கடினமானவை. முதல் சில ஆண்டுகள் மூத்தவர் ஒருவரின் அலுவலகத்தில் கட்டுகளைச் சுமந்தும், வாய்தா வாங்கியும், குமாஸ்தாவிடம் நடைமுறை கேட்டுப் பழகியும் கழியும். வருவாய் சொற்பமே. அப்பருவத்தில் பொறுமை இழப்பவர்கள் இரு வழிகளில் ஒன்றில் போகின்றனர். சிலர் தொழிலை விடுகின்றனர். சிலர் தொழிலிலே இருந்துகொண்டு நேர்மையை விடுகின்றனர். முன்னதைவிடப் பின்னதே ஊருக்குப் பெருங்கேடு. பொய்ச் சாட்சியைத் தயாரித்து ஒரு வழக்கை வெல்லலாம். ஆனால் மறு வாரம் அதே நீதிபதியின் முன்னே, அதே ஊராரின் நடுவே, வேறொரு வழக்கோடு எழுந்து நிற்க வேண்டுமே! சிறிய ஊரிலே ஒருவருடைய சொல்லுக்கு உள்ள மதிப்பு நாற்பது ஆண்டுகளில் சேர்வது. கரைய ஒரு பிற்பகல் போதும்.

இறுதியாக உங்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் நாட்டு நீதிமன்றங்கள் பெரும்பாலும் திறந்த மன்றங்கள். சில வகை வழக்குகள் நீங்கலாக, யாரும் உள்ளே சென்று அமைதியாக அமர்ந்து விசாரணையைக் கேட்கலாம். வரும் விடுமுறைக்காலத்தில் நீதிமன்றம் கூடும் ஒரு நாளில், திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ நீதிமன்றத்துக்குப் போய் ஒரு முற்பகல் இருந்து பாருங்கள். உரக்கப் பேசுகிறவரைப் பார்க்க வேண்டாம். நரைத்த தலையோடு, பழைய கட்டு ஒன்றைப் பிரித்து வைத்துக்கொண்டு, படிப்பறியாத சாட்சி ஒருவர் தடுமாறும்போது அவர் சொல்ல வந்ததை முழுவதும் சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கும் ஒரு முதிய வழக்கறிஞர் அங்கே இருப்பார். அவரைக் கவனியுங்கள். அவர் எத்தனை வழக்கில் வென்றார் என்று விசாரிக்க வேண்டியதில்லை. அந்தச் சாட்சி பேசி முடித்தபோது அவர் முகத்தில் வந்த தெளிவைப் பார்த்துவிட்டு, இத்தொழில் உங்களுக்கு ஏற்றதா என்று முடிவு செய்யுங்கள்.